சதகுப்பைக்கு ஒரு தொட்டி ஒதுக்குங்கள்



பல ஊர்களில் ஐப்பசி அடைமழை ஓய்ந்துவிட்டது. வெயிலின் சூடு தணிந்து, மாலையில் மாடிக்குப் போனால் இதமான காற்று வீசுகிறது. கோடையில் காய்ந்து கிடந்த தொட்டிகளைக் கொத்திக் கிளறி, இந்த முறை என்ன போடலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். கொத்தமல்லி, வெந்தயக்கீரை, சிறுகீரை என்று ஒரு கணக்கு இருக்கும். அதில் சதகுப்பையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

சதகுப்பை என்றதும் நம்மில் பலருக்கு நாட்டு மருந்துக் கடை நினைவுக்கு வரும். பிள்ளை பெற்றவளுக்கு லேகியம் கிளறப் பாட்டிமார் சொல்லி எழுதவைக்கும் சாமான் சீட்டில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் என்று வரிசையாக வந்து, கூடவே இதுவும் இருக்கும். பழுப்பு நிறத்தில், ஓரம் வெளிறிய சின்ன விதை. மென்று பார்த்தால் ஓமத்தின் காரமும் சோம்பின் இனிப்பும் லேசாகத் தட்டும். விதையை இவ்வளவு பத்திரமாக மருந்துப் பெட்டியில் வைத்திருக்கும் நாம், அதை மண்ணில் போட்டால் வரும் கீரையை மட்டும் பெரும்பாலான வீடுகளில் சமைப்பதில்லை. அந்தக் கீரையின் ருசி தெரிந்த எனக்கு இது நெடுநாளாக மனக்குறை.

ஓசூரைத் தாண்டிவிட்டால் கதை வேறு. பெங்களூரில் எந்தக் கீரைக்காரம்மாவின் கூடையிலும் இது இருக்கும். சப்சிகே சொப்பு என்று கேட்க வேண்டும். கரும்பச்சையும் நீலமும் கலந்த நிறம், நூலாகப் பிரிந்த இலைகள், கிட்டே போனாலே மூக்கில் ஏறும் வாசனை. அங்கே மார்கழி, தை மாதங்களில் அவரைக்காய் வந்து குவியும். வி.வி.புரம் சாப்பாட்டுத் தெருவில் பல ஆண்டுகள் நடந்து பெயர்பெற்ற அவரைக்காய் மேளாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பனியில் விளைந்த அவரையின் தோலில் பிசுபிசுப்பாக ஒரு மணம் இருக்கும். அதைச் சொகடு என்பார்கள். சொகடு உள்ள காயாகப் பார்த்துத்தான் வாங்குவார்கள். அந்த அவரைப் பருப்பும் சப்சிகேயும் சேர்ந்து வேகும் சாற்றின் வாசனை தெருமுனை வரை வரும். இரண்டும் ஒரே குளிரில் விளைவதால், ஒரே சட்டிக்குள் சேர்ந்திருக்கின்றன.

மராட்டியர்களுக்கு இது ஷேபு. பாசிப்பருப்பும் பூண்டும் போட்டு வதக்குவார்கள். குஜராத்தில் சுவா, வட இந்தியாவில் சோயா. நம்மூரிலும் சில இடங்களில் சோயிக்கீரை என்ற பெயர் உண்டு. கடையில் கேட்க உதவும் என்பதால் இத்தனை பெயரையும் சொல்லி வைக்கிறேன்.

கடையில்தான் கிடைக்கிறதே, தொட்டி எதற்கு என்று கேட்கலாம். இந்தக் கீரை பயணத்துக்கு ஆகாது. அதன் இலை இவ்வளவு மெல்லிதாகப் பிரிந்திருப்பதால் ஈரம் சீக்கிரம் பறந்துவிடும். காலையில் பறித்தது மதியத்துக்குள் துவளும். வாசனையும் கூடவே போய்விடும். குளிர்பெட்டியில் வைத்தாலும் இரண்டு மூன்று நாளில் நுனி மஞ்சளடித்து, கட்டின் நடுப்பகுதி அழுகத் தொடங்கும். இன்னொன்று, இது முருங்கைக்கீரையைப்போல ஒரு கட்டையும் ஒரே வேளையில் தீர்த்துவிடும் கீரையும் அல்ல. பல சமையலுக்கு ஒரு கைப்பிடி போதும். கட்டாக வாங்கினால் பாதி வீணாகிறது. சமைக்கும் நேரத்தில் நாலு கொத்து கிள்ளிக்கொண்டு வருவதற்குத்தான் இது ஏற்றது. காய வைத்துப் பொட்டலத்தில் விற்கும் சதகுப்பை இலையை நான் யாருக்கும் சொல்வதில்லை. நிறம் இருக்கும், மணம் பெரும்பாலும் இருக்காது.

இனி விதை. நாட்டு மருந்துக் கடைச் சதகுப்பையே முளைக்கும், புதுச் சரக்காக இருந்தால். பழசா புதுசா என்று பார்த்துத் தெரியாது என்பதால், விதைக்கும் முன் பத்து விதையை ஈரத்துணியில் மடித்து ஒரு கிண்ணத்தில் வையுங்கள். துணி காயாமல் அவ்வப்போது நீர் தெளியுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் ஆறேழு முளைவிட்டிருந்தால் தைரியமாகப் போடலாம். விதைக் கடைகளில் டில் என்ற பெயரில் பாக்கெட்டுகளும் கிடைக்கின்றன. அவற்றில் பல ஐரோப்பிய ரகங்கள். விதை அகன்று தட்டையாக இருக்கும். நம் நாட்டு விதை கொஞ்சம் ஒடுங்கி, நீண்டு, முதுகு புடைத்திருக்கும். இங்கேயே விளைந்து பழகிய நாட்டு விதையைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். பாக்கெட் விதை வாங்குபவர்கள் அதில் பூஞ்சாண மருந்து தடவியிருக்கிறதா என்று உறைமேல் படித்துப் பாருங்கள். தடவிய விதையில் மிச்சம் இருந்தால் அது சமையலறைப் பக்கம் வரக்கூடாது.

தொட்டி ஆழமாக இருக்க வேண்டும். சதகுப்பை கேரட்டின் குடும்பம். கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம் எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள். கேரட்டைப்போலவே ஒரே ஆணிவேரை நேராகக் கீழே விடும். ஒரு அடி ஆழம் இருந்தால் செடி நிம்மதியாக வளரும். இதனாலேயே நாற்றுவிட்டுப் பிடுங்கி நடும் வேலையும் வேண்டாம். ஆணிவேர் அசைந்தால் செடி பிழைத்தாலும் அதிர்ச்சியில் சீக்கிரம் பூத்துவிடும். எங்கே வளரப்போகிறதோ அங்கேயே விதையுங்கள்.

செம்மண் ஒரு பங்கு, ஊறவைத்துப் பிழிந்த தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, நன்றாக மக்கிய மாட்டெரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. நீர் தேங்காமல் வடிந்தால் போதும். அதற்கு மேல் உரம் போட்டுக் கொழுக்க வைக்காதீர்கள். தழைச்சத்து மிஞ்சினால் தண்டு நீண்டு, வலுவில்லாமல் சாயும். விதையை இரவில் ஊறவைத்துக் காலையில் ஈரம் போக உலர்த்தி, வரிசையாகத் தூவி, அரை சென்டிமீட்டர் கனத்துக்கு மண்ணைப் போர்த்துங்கள். பூவாளியால் மட்டும் நீர் தெளியுங்கள். குழாயைத் திறந்துவிட்டால் விதை எல்லாம் ஒரு மூலையில் போய்ச் சேரும். ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் முளைக்கும். முதலில் வருவது புல்லைப்போல ஒடுங்கிய இரண்டு வித்திலைகள். அதைக் களை என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். நூல் இலை அதன் பிறகுதான் வரும்.

சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கத்து வாசகர்களுக்கு மட்டும் ஒரு சொல். உங்களுக்குக் கார்த்திகையிலும் மழை கொட்டும். இளம் நாற்று அந்த அடியைத் தாங்காது. அடித்தண்டு அழுகிச் சாயும். மார்கழி வரை பொறுங்கள், அல்லது தொட்டியைத் தாழ்வாரத்தின் ஓரத்தில், வெயில் படுகிற, மழை விழாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

ஒரே நாளில் தொட்டி முழுக்க விதைக்காதீர்கள். இந்தச் செடி வளர்ப்பவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய முதல் விஷயம் என்று இதைத்தான் சொல்வேன். சதகுப்பைக்கு ஆயுள் குறைவு. விதைத்த ஐந்து ஆறு வாரத்தில் கீரை கிள்ளத் தொடங்கலாம். அதன் பிறகு கொஞ்ச நாள்தான். நடுத்தண்டு விறுவிறுவென்று மேலே ஏறிப் பூவெடுக்கும். பூவெடுத்தால் இலை குறைந்துவிடும். வெயில் ஏற ஏற இந்த அவசரமும் கூடும். எனவே தொட்டியை மனத்தில் மூன்று பாகமாகப் பிரித்து, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு பாகத்தில் விதையுங்கள். ஒரு பாகம் முற்றும்போது அடுத்தது கிள்ளுவதற்குத் தயாராக இருக்கும். கார்த்திகையில் தொடங்கினால் மாசி வரை வீட்டில் கீரைக்குப் பஞ்சமிருக்காது. பங்குனி வெயிலில் சமவெளிக்காரர்கள் நிறுத்திக்கொள்ளலாம். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு வாசகர்கள் தொடர்ந்து போடலாம்.

நெருக்கமாக முளைத்தவற்றைக் கலைத்து, மூன்று நான்கு விரற்கடை இடைவெளி விடுங்கள். கலைத்தெடுத்ததை எறிய வேண்டாம். அதுதான் உங்கள் முதல் அறுவடை, மிகவும் இளசான கீரை. பிறகு வெளிப்பக்கத்து இலைகளாகப் பார்த்துக் கிள்ளிவந்தால் நடுக்குருத்து தழைத்துக்கொண்டே இருக்கும். தினம் ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். மண் மேலே காய்ந்தபின் நீர் விட்டால் போதும். அசுவினி அண்டினால் இலையின் அடியில் நீரைப் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். பச்சையாகவே தின்னும் இலை என்பதால் எந்த மருந்தும் தெளிக்க நான் சொல்லமாட்டேன்.

சமையலுக்கு வருவோம். முதல்முறை சாப்பிடுபவர்களுக்கு இந்த வாசனை அழுத்தமாகத் தெரியும். அதனால் எடுத்தவுடன் ஒரு கட்டுக் கீரையையும் பொரியல் செய்து தட்டில் வைத்துவிடாதீர்கள். வீட்டில் குழந்தைகள் அடுத்தமுறை அந்தப் பக்கமே வரமாட்டார்கள். பருப்பு வடையில் தொடங்குங்கள். கறிவேப்பிலை, வெங்காயத்தோடு ஒரு கைப்பிடி சதகுப்பையைப் பொடியாக நறுக்கிப் போட்டால் போதும். எண்ணெயில் வெந்தபின் அழுத்தம் அடங்கி, மணம் மட்டும் நிற்கும். அடை மாவிலும் இப்படியே போடலாம்.

அது பிடித்துவிட்டால் அக்கி ரொட்டி. இரண்டு கோப்பை அரிசி மாவில் ஒரு கோப்பை நறுக்கிய கீரை, ஒரு பெரிய வெங்காயம், பச்சை மிளகாய், அரை மூடித் தேங்காய்த் துருவல், சீரகம், உப்பு. வெந்நீர் விட்டுத் தளரப் பிசைந்து, எண்ணெய் தடவிய தோசைக்கல் ஆறியிருக்கும்போதே அதன்மேல் வைத்து, கையை நனைத்துக்கொண்டு மெல்லிசாகத் தட்டுங்கள். நடுநடுவே விரலால் துளையிட்டு, துளையில் எண்ணெய் விட்டு, மூடி, நிதானமான தீயில் வேகவிடுங்கள். அடிப்பக்கம் பொன்னிறமானால் எடுக்கலாம். அடுத்த ரொட்டிக்குக் கல்லை நீர் தெளித்து ஆற்ற வேண்டும். அவசரக்காரர்கள் வாழையிலையில் தட்டிக் கல்லில் கவிழ்க்கலாம். ஆனால் கல்லிலேயே தட்டியதன் மொறுமொறுப்பு வராது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது நுச்சினுண்டே. மைசூர், பெங்களூர்ப் பக்கத்து வீடுகளின் பலகாரம். எண்ணெய் அதிகம் வேண்டாத, வயதானவர்களும் சாப்பிடக்கூடிய பண்டம் என்பதால் உங்கள் வீட்டில் நிலைத்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு. ஒரு கோப்பைத் துவரம்பருப்பு, அல்லது பாதி துவரை பாதி கடலை, இரண்டு மூன்று மணி நேரம் ஊற வேண்டும். நீரை முழுக்க வடித்து, இஞ்சி, பச்சை மிளகாயோடு கரகரப்பாக அரைக்க வேண்டும்; நீர் விடக்கூடாது. முக்கால் கோப்பைக்குக் குறையாமல் நறுக்கிய சதகுப்பை, தேங்காய்த் துருவல், பெருங்காயம், உப்பு சேர்த்துப் பிசைந்து, நீள உருண்டையாகப் பிடித்து, இட்லிப் பானையில் பன்னிரண்டு பதினைந்து நிமிடம் ஆவியில் வைத்தால் ஆயிற்று. சூட்டோடு பிட்டு நெய் விட்டுக்கொள்ளலாம். மோர்க்குழம்பில் தோய்த்தும் சாப்பிடுவார்கள். நம் பருப்பு உருண்டைக் குழம்பு உருண்டைக்கு நெருங்கிய உறவு என்பது முதல் வாயிலேயே தெரிந்துவிடும். அந்த உருண்டையிலும் இந்தக் கீரையைச் சேர்த்துப் பாருங்கள்.

சதகுப்பையைச் சமைப்பதில் உலகத்தில் இரண்டு வழக்கம் உண்டு. ஐரோப்பாவில் பல இடங்களில் கடைசியில்தான் தூவுவார்கள். வெந்த உருளைக்கிழங்கின்மேல் வெண்ணெயும் பச்சைச் சதகுப்பையுமாக உண்பது ருஷ்ய, உக்ரேனிய வீடுகளில் அன்றாட வழக்கம். சுவீடனில் ஆகஸ்ட் மாதம் நன்னீர் இறாலை ஒத்த கிரேஃபிஷ் விருந்து நடக்கும். அதை வேகவைக்கும் உப்புநீரில் இலையைவிடச் சதகுப்பைப் பூக்கொத்தைத்தான் போடுவார்கள். இலையின் மணம் சீக்கிரம் ஆவியாகும் எண்ணெய்களால் வருவது. நீண்ட நேரம் சுட்டால் போய்விடும் என்பதால் கடைசியில் தூவுவதற்கு நியாயம் இருக்கிறது. விதை அப்படியல்ல. அதில் மிகுதியாக இருப்பது கார்வோன் என்ற மணப்பொருள். விதை உடைந்து எண்ணெயில் பொரிந்தால்தான் அது நன்றாக இறங்கும். ஒரே செடியின் இலையும் விதையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது என்பது இதனால்தான்.

ஆனால் கன்னடத்து அடுப்பும் ஈரானிய அடுப்பும் இலையையும் துணிந்து வேகவைக்கின்றன. ஈரானில் பாகாலி போலோ என்று ஒரு சோறு. பாதி வெந்த நீள அரிசியை வடித்து, தோலுரித்த பாகாலி அவரையும், பார்த்தால் மலைக்கும் அளவு நறுக்கிய சதகுப்பையும் அடுக்கடுக்காகப் போட்டுத் தம்மில் வைப்பார்கள். குங்குமப்பூ நீரும், பெரும்பாலும் ஆட்டிறைச்சியும் கூட வரும். அடியில் பொன்னிறமாகப் பிடிக்கும் காந்தலுக்குப் போட்டி நடக்கும். பாகாலி அவரைக்குப் பதில் நம் மொச்சையைத் தோலுரித்துப் போட்டு இதைச் செய்யலாம். தைமாத மொச்சைக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை. வியட்நாமின் ஹனோய் நகரில் மீனுக்குப் போடுகிறார்கள். மஞ்சள் தடவிய மீன் துண்டுகளை மேசையிலேயே சிறு அடுப்பு வைத்துப் பொரித்து, கைநிறையச் சதகுப்பையும் வெங்காயத்தாளும் அள்ளிப்போட்டுப் புரட்டி, அரிசிச் சேமியாவோடு உண்பார்கள். சா கா என்ற அந்த உணவின் பெயரை அங்கே ஒரு தெருவுக்கே வைத்திருக்கிறார்கள். மஞ்சள் பூசி மீன் பொரிப்பது நமக்கும் கைவந்தது. இறக்கும் முன் சதகுப்பையும் வெங்காயத்தாளும் சேர்ப்பதுதான் புதிது.

அன்றாடத்துக்கு எளியது தயிர்ப் பச்சடி: கெட்டித் தயிர், துருவிப் பிழிந்த வெள்ளரி, உப்பு, நசுக்கிய ஒரு பல் பூண்டு, பச்சைச் சதகுப்பை. தாளிக்க வேண்டாம். கீரை மிஞ்சினால் நறுக்கி, ஐஸ் தட்டின் குழிகளில் நீரோடு உறையவைத்து, பருப்பிலோ ரசத்திலோ ஒரு கட்டி போடலாம். காயவைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கடைசிப் பாகத்துச் செடிகளைக் கிள்ளாமல் விட்டுவிடுங்கள். மஞ்சள் நிறப் பூக்கள் குடை விரித்து நிற்கும். அந்தச் சின்னப் பூக்களின் தேனைத் தேடிப் பொறிவண்டும் மிதவை ஈயும் வரும். அவை அசுவினிக்குப் பகை. பக்கத்துத் தொட்டிக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் காவலாகும். விதைத்து மூன்று மாதத்துக்கு மேல் ஆனபின் குடைகள் பழுப்பாகத் தொடங்கும். முழுக்கக் காயும்வரை காத்திருந்தால் விதை உதிர்ந்துவிடும். பழுப்பேறியதும் காம்போடு வெட்டி, காகிதப் பைக்குள் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். உலர்ந்த விதை அடுத்த ஆண்டுக்கு விதையாகவும், குஜராத்திகள் செய்வதுபோல வறுத்து உப்பிட்டுச் சாப்பாட்டுக்குப்பின் மெல்லவும், மருந்துப் பெட்டிக்கும் ஆகும்.

மருந்து என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழ் வீடுகளுக்கு நன்கு தெரிந்த கிரைப் வாட்டரிலும் சதகுப்பை எண்ணெய்தான் இருந்தது. 1851ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் வுட்வர்ட் என்ற மருந்தாளர் அதைத் தயாரித்தார். கிழக்கு இங்கிலாந்தின் சதுப்பு நிலங்களில் மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுத்துவந்த மருந்து, குழந்தைகளின் வயிற்றுக் கோளாறையும் தணிப்பதாகக் கண்டு அதிலிருந்து உருவாக்கியது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரையோடு அந்நாளில் அதில் சாராயமும் இருந்தது; பின்னாளில் எடுத்துவிட்டார்கள். இன்று மருத்துவர்கள் சொல்வது தெளிவானது: ஆறு மாதம்வரை குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம், சதகுப்பை நீரும் வேண்டாம். கர்ப்பிணிகள் கீரையைச் சமையலில் சேர்க்கலாம். விதையை மருந்தளவில் எடுப்பதானால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். பிள்ளை பெற்ற பின் நம் பெண்கள் சாப்பிடும் லேகியத்தின் பக்குவம் வீட்டுக்கு வீடு மாறும். அதைக் கைப்பழக்கத்தில் வைத்திருக்கும் தலைமுறை குறைந்துவருகிறது என்பது எனக்குக் கவலை.

அதனால் உங்களிடம் இரண்டு வேண்டுகோள். உங்கள் வீட்டு அம்மாச்சியோ அப்பாயியோ லேகியத்தில் சதகுப்பையை எந்தப் பக்குவத்தில் வறுத்து, எதோடு அரைத்தார்கள் என்பதை அவர்களிடமே கேட்டு எழுதி அனுப்புங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தாளவாடிப் பக்கத்து வாசகர்கள் இந்தக் கீரையை ராகிக் களிக்கு எப்படிக் குழம்பு வைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். வருகிற இதழ்களில் உங்கள் கைப்பக்குவத்தை அப்படியே வெளியிடுகிறோம். விதையை இந்த வாரமே ஈரத்துணியில் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்